உரிமம் எந்த எல்லை வரை செல்லும்?



தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: பிள்ளையை அடுத்து என்ன படிக்கவைப்பது? எஸ்பிஎம் முடித்த மகளைத் தாதியர் பயிற்சிக்கு அனுப்பலாமா, எஸ்டிபிஎம் முடித்த மகனுக்குச் சட்டம் கிடைக்குமா, கடன் வாங்கியாவது இந்தியாவுக்கு மருத்துவம் படிக்க அனுப்பலாமா என்று புந்தோங்கிலும் செம்மோரிலும் சுங்கை சிப்புட்டிலும் அப்பா, அம்மா, மாமா, சித்தி எல்லாரும் கூடி யோசிக்கிறார்கள். கட்டணம் எவ்வளவு, எத்தனை வருடம், தங்க இடம் உண்டா என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்கிறோம். ஒன்றை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். படித்து முடித்தபின் கையில் வரும் தொழில் உரிமம் எந்த எல்லை வரை செல்லும்? அந்த எல்லையை வரைந்தவர் யார்? நாளைக்கு அதை மாற்றக்கூடியவர் யார்?

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை இந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறேன்.

பட்டத்தைத் தருவது பல்கலைக்கழகம். உரிமத்தைத் தருவது சட்டத்தால் அமைந்த ஓர் அமைப்பு. மருத்துவருக்கு மலேசிய மருத்துவ மன்றம், தாதியருக்கு மலேசியத் தாதியர் வாரியம், பொறியாளருக்கு மலேசியப் பொறியாளர் வாரியம். பட்டம் படித்ததற்குச் சான்று. அது ஆயுளுக்கும் நம்முடையது. உரிமம் அப்படியில்லை. டாக்டரும் தாதியும் தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பெரிய தவறு செய்தால் அது பறிபோகும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது செல்லுபடியாகும் நிலம் எது என்பதையும் சட்டமே சொல்கிறது. ஓர் இடத்தில் தந்த உரிமத்தை இன்னோர் இடம் மதிக்க வேண்டுமானால் இரண்டுக்கும் இடையே உடன்பாடு தேவை. உடன்பாடு என்று வந்துவிட்டால் அதில் சேருபவர்களும் உண்டு, சேராமல் நிற்பவர்களும் உண்டு, சேர்ந்தபின் விலகுபவர்களும் உண்டு.

நம் ஈப்போவிலிருந்தே தொடங்குவோம். இது வழக்கறிஞர்களுக்குப் பேர்போன நகரம். டி. ஆர். சீனிவாசகமும் அவர் அண்ணன் எஸ். பி. சீனிவாசகமும் இங்கேதான் வழக்கறிஞர்களாகப் பெயரெடுத்தார்கள். டி. ஆர். சீனிவாசகத்தின் பெயரில் நகரில் பூங்காவே இருக்கிறது. அந்த மரபில் வரும் இன்றைய ஈப்போ வழக்கறிஞர் ஒருவர் காலையில் காரை எடுத்தால், 500 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் ஜொகூர் பாருவுக்குப் போய் உயர் நீதிமன்றத்தில் வாதாடலாம். வடக்கே கங்காரிலும் வாதாடலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் விமானம் ஏறிக் கூச்சிங்குக்கோ கோத்தா கினபாலுவுக்கோ போனால், அதே நாடு, அதே கொடி, அதே அரசமைப்புச் சட்டம். தனி அனுமதி இல்லாமல் அவரால் நீதிமன்றத்தில் எழுந்து நிற்க முடியாது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1976-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் தீபகற்பத்தில்தான் நடைமுறையில் இருக்கிறது. சபாவுக்கும் சரவாக்குக்கும் 1953-இல் இயற்றப்பட்ட தனித்தனி வழக்கறிஞர் சட்டங்கள் உண்டு. அங்கே பிறந்தவரா, தொடர்ந்து வசித்தவரா, அந்த மண்ணை நிலையான இருப்பிடமாகக் கொண்டவரா என்று அவை கேட்கின்றன. கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 161பி பிரிவு இந்த வேலிக்குக் காவலாக நிற்கிறது. அங்கே வசிக்காத வழக்கறிஞருக்கும் அந்த நீதிமன்றங்களைத் திறந்துவிடும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றினாலும், அந்தந்த மாநிலச் சட்டமன்றம் ஏற்காதவரை அங்கே அது நடைமுறைக்கு வராது. வழக்கறிஞருக்கு மட்டுமல்ல, தீபகற்பத்திலிருந்து அங்கே போய்த் தனியாரிடம் வேலை செய்ய விரும்பும் எவருக்கும் வேலை அனுமதி தேவை. குடிநுழைவுச் சட்டமே அந்த அதிகாரத்தை இரு மாநிலங்களுக்கும் கொடுத்திருக்கிறது.

இதைக் கேட்டதும் நம்மில் சிலருக்குக் கோபம் வரும். ஒரே நாட்டுக்குள் இது என்ன வேலி என்று தோன்றும். அந்த வேலி எழுந்த காலத்தை நினைத்துப் பார்த்தால் அதில் ஒரு நியாயமும் தெரியும். 1963 ஜூலை 9 அன்று லண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தானபோது, சபாவிலும் சரவாக்கிலும் உயர்கல்வி பெற்ற உள்ளூர்க்காரர்கள் மிகக் குறைவு. கதவை அகலத் திறந்தால் டாக்டர், வழக்கறிஞர், அதிகாரி என்று எல்லா நாற்காலிகளையும் தீபகற்பத்துக்காரர்களே நிரப்பிவிடுவார்கள், நம் பிள்ளைகள் படித்து வரும்போது இடம் இருக்காது என்று அவர்கள் அஞ்சினார்கள். சபாவின் 20 அம்சக் கோரிக்கையிலும் சரவாக்கின் 18 அம்சக் கோரிக்கையிலும் குடிநுழைவைத் தாங்களே கட்டுப்படுத்தும் உரிமை இடம்பெற்றது அதனால்தான். பின்தங்கியிருந்த மாநிலம் தன் பிள்ளைகளுக்காகக் கேட்டு வாங்கிய அவகாசம் அது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இடம் கேட்டுக் கதவுகளைத் தட்டியவர்கள் நாம். அந்த அச்சத்தை நாம் புரிந்துகொள்ளாவிட்டால் வேறு யார் புரிந்துகொள்வார்கள்?

ஆனால் வேலியின் மறுபக்கத்தில் மாட்டிக்கொள்கிறவர் ஒரு மனிதர் என்பதையும் மறக்கக் கூடாது. தீபகற்பத்திலிருந்து போய்ச் சபாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்துவந்த ஒரு தமிழரின் நுழைவு அனுமதியை மாநில அரசின் உத்தரவின்பேரில் ரத்து செய்தார்கள். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2002-இல் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றியது. நடைமுறை விதிகள் பின்பற்றப்பட்டனவா என்பதைத் தாண்டி, மாநிலத்தின் அந்த முடிவை நீதிமன்றம் ஆராய்வதற்குச் சட்டம் இடம் தரவில்லை என்றது. அந்த முடிவு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஓர் ஊரில் அலுவலகம் திறந்து, கட்சிக்காரர்களைச் சேர்த்து, வாழ்க்கையை அமைத்துக்கொண்ட ஒருவரின் தொழில் எத்தனை மெல்லிய காகிதத்தின்மேல் நின்றது என்பதை மட்டும் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் கண்முன் இருக்கிறது. 1965 ஆகஸ்ட் 9 அன்று சிங்கப்பூர் மலேசியாவைவிட்டுப் பிரிந்தது. சேர்ந்து இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. மனக்கசப்போடு நடந்த பிரிவு அது. ஆனாலும், பதினோரு ஆண்டுகள் கழித்து வந்த நம் 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். வழக்கறிஞராகத் தகுதி பெற்றவர் யார் என்று சொல்லும் இடத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் சட்டப் பட்டத்தோடு சிங்கப்பூரின் பல்கலைக்கழகப் பட்டமும் இடம்பெற்றிருக்கிறது. இங்கிலாந்தின் பாரிஸ்டர் தகுதியும் இருக்கிறது. மறுபக்கம், மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பட்டம் சிங்கப்பூர் ஏற்கும் வெளிநாட்டுப் பட்டங்களின் பட்டியலில் இருக்கிறது. 1949-இல் ஒன்றாகத் தொடங்கி 1962-இல் இரண்டாகப் பிரிந்த ஒரே பல்கலைக்கழகத்தின் பிள்ளைகள்தாம் அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும். ஒன்றின் தரம் இன்னொன்றுக்குத் தெரியும். நாடு இரண்டானபோதும் அந்த நம்பிக்கை அறுந்துபோகவில்லை.

சபா, சரவாக் கதையையும் சிங்கப்பூர் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. சேர்ந்திருந்தாலும் கதவு மூடியிருக்கலாம். பிரிந்துபோனாலும் கதவு திறந்திருக்கலாம். சேர்வதா விலகுவதா என்பது அரசுகளின் முடிவு. அதை எப்படிச் செய்கிறார்கள், நடுவில் நிற்கும் உழைப்பாளியை நினைத்துச் செய்கிறார்களா என்பதில்தான் நியாயமும் அநியாயமும் இருக்கின்றன.

நம் தோட்டங்களின் வரலாறு முழுக்க இந்தக் கேள்வி இருக்கிறது. பேராக் ரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்ததே அரசுகளுக்கிடையிலான ஏற்பாட்டால்தான். 1907-இல் தமிழர் குடிநுழைவு நிதி உருவானது. கங்காணி ஊருக்குப் போய் ஆள் கட்டிவர உரிமம் கொடுத்தார்கள். கங்காணியின் கையில் உரிமம் இருந்தது; கப்பலேறிய தொழிலாளியின் கையில் எதுவும் இல்லை. 1936-இல் இந்திய அரசு அனுப்பிய வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரி மலாயாவுக்கு வந்து தொழிலாளர் நிலையைப் பார்த்து அறிக்கை எழுதினார். கூலிப் பிரச்சினை முற்றியது. 1938 ஜூனில், உதவி பெற்றுத் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதை இந்திய அரசு தடை செய்தது. கூலிக் குறைப்பை எதிர்த்து எடுத்த முடிவு. அதில் நியாயம் இருந்தது. ஆனால் அண்ணன் இங்கேயும் தம்பி அங்கேயுமாக இருந்த குடும்பங்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை.

அடுத்த அடி 1969-இல் விழுந்தது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ், குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. பல ஆண்டுகளாகப் பால் வெட்டியவர்கள், சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தார்கள் என்ற ஒரே காரணத்தால் சொந்தத் தோட்டத்திலேயே அந்நியர் ஆனார்கள். பல்லாயிரம் பேர் மூட்டை கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள். பேராக்கில் அந்தப் பிரிவின் கதையைப் பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்காமல் வளர்ந்த தோட்டத்துக் குடும்பம் குறைவு. அவர்களின் கைத்திறன் ஒரே இரவில் குறைந்துவிடவில்லை. மரமும் கத்தியும் அப்படியேதான் இருந்தன. மாறியது விதி ஒன்றுதான்.

தோட்டத்து டிரசரையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். காய்ச்சலோ பாம்புக்கடியோ பிரசவ வலியோ, லயத்து மக்கள் முதலில் ஓடியது தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத்தான். டாக்டர் எப்போதாவது வந்துபோவார். நாள் முழுக்க இருந்தவர் டிரசர். அவர்களைப் பதிவு செய்யவே 1965-இல் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அனுபவத்தை மதித்து அரசு கொடுத்த அங்கீகாரம் அது; நல்ல காரியம். ஆனால் அந்த அங்கீகாரம் தோட்டத்தோடு கட்டப்பட்டிருந்தது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வீடமைப்புப் பகுதிகளாகி, மக்கள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டபின், டிரசரின் பதிவு பொருந்தும் இடமும் சுருங்கியது. ஓர் இடத்தோடு மட்டும் கட்டிய உரிமம் அந்த இடத்தோடு சேர்ந்தே தேயும்.

சரி, இதைச் செம்மையாகச் செய்ய வழி இருக்கிறதா? இருக்கிறது. அமெரிக்காவின் தாதியர் உரிம உடன்படிக்கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அதில் நமக்குப் பாடம் நிறைய இருக்கிறது.

அங்கே தாதியருக்கு உரிமம் தருவது ஒவ்வொரு மாநிலத்தின் வாரியம். ஒரு மாநிலத்து உரிமம் பக்கத்து மாநிலத்தில் செல்லாது. எல்லையோர ஊரில் வசிக்கும் தாதி, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்க வேண்டுமானால் இன்னொரு விண்ணப்பம், இன்னொரு கட்டணம், இன்னொரு காத்திருப்பு. இதற்குத் தீர்வாக மாநிலங்கள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. 2000-இல் அது நடைமுறைக்கு வந்தது. சேர்ந்த மாநிலத்தில் வசிக்கும் தாதி தன் மாநிலத்தில் வாங்கும் ஒரே உரிமத்தோடு, சேர்ந்த மற்ற எல்லா மாநிலங்களிலும் வேலை செய்யலாம். இன்று 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களும் ஆட்சிப் பகுதிகளும் அதில் இருக்கின்றன. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இன்னும் சேரவில்லை.

பழைய உடன்படிக்கையில் ஒரு குறை இருந்தது. உரிமம் தருமுன் குற்றப் பின்னணியைச் சோதிப்பதில் மாநிலத்துக்கு மாநிலம் வழக்கம் வேறுபட்டது. அடுத்த மாநிலம் சோதிக்காமல் தந்த உரிமத்தை நாம் ஏன் ஏற்க வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. ஆகவே கடுமையான பொது விதிகளுடன் புதிய உடன்படிக்கையை எழுதினார்கள். 2018 ஜனவரி 19-இல் அது தொடங்கியது. பழையதில் இருந்தவர்கள் புதியதில் சேர மறுபடியும் தங்கள் சட்டமன்றத்தில் சட்டம் இயற்ற வேண்டும். நியூ மெக்சிகோ கடைசி நேரத்தில் அவசரமாகச் சட்டம் இயற்றி உள்ளே வந்தது. ரோட் ஐலண்ட் என்ற சிறிய மாநிலம் சேரவில்லை. பழைய ஏற்பாடும் அந்த ஆண்டிலேயே முடிந்தது. பக்கத்து மாநிலத்தில் வேலை பார்த்த தாதியர் மறுபடியும் தனித்தனி உரிமத்துக்கு அலைய வேண்டியதாயிற்று. 2023-இல் ரோட் ஐலண்ட் மீண்டும் சேர முடிவெடுத்தது; 2024 ஜனவரி முதல் நாளிலிருந்து மறுபடியும் உறுப்பு மாநிலமானது. விலகி நின்ற காலமெல்லாம் அதன் சுமையைச் சுமந்தவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள் அல்லர். இரவுப் பணி முடிந்து வீட்டுக்குப் போய் விண்ணப்பப் படிவம் நிரப்பிய தாதியர்.

அந்த உடன்படிக்கையில் என்னை மிகவும் கவர்ந்தது, சேரும் விதியைவிட விலகும் விதி. ஒரு மாநிலம் விலக நினைத்தால், சேரும்போது இயற்றிய சட்டத்தைச் சட்டமன்றத்திலேயே ரத்து செய்ய வேண்டும். அமைச்சர் ஒருவரின் கையெழுத்துப் போதாது. ரத்து செய்தாலும் ஆறு மாதம் கழித்துத்தான் விலகல் நடைமுறைக்கு வரும். அந்த ஆறு மாதத்தில் தாதியும் மருத்துவமனையும் மாற்று ஏற்பாடு செய்துகொள்ளலாம். டாக்டர்களுக்கான தனி உடன்படிக்கையில் இந்த அவகாசம் ஓராண்டு. இன்னொன்றும் உண்டு. விலகிய மாநிலம், விலகும் நாளுக்கு முன் தன் எல்லைக்குள் நடந்த ஒழுங்கு நடவடிக்கைகளையும் முக்கியமான விசாரணைகளையும் மற்ற மாநிலங்களுக்குத் தெரிவிக்கும் கடமையிலிருந்து விடுபடாது. உறவு முடிந்தாலும் நோயாளிக்குச் செய்ய வேண்டிய கடமை முடியாது என்பதைச் சட்டமாகவே எழுதிவைத்திருக்கிறார்கள். நம் மரபில், பாகம் பிரிக்கும்போது ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, வயதான தாயை யார் பார்ப்பது என்று பேசி முடித்த பிறகே கையெழுத்துப் போடுவார்கள். நல்ல ஒப்பந்தத்துக்கும் அந்த அறிவு வேண்டும்.

அந்த அறிவு இல்லாமல் நடந்த விலகல்களும் உண்டு. 1975-இல் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் இந்திய மருத்துவப் பட்டங்களுக்கு அதுவரை இருந்த அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. அதன்பின் அங்கே போன இந்திய டாக்டர்கள் புதிதாகத் தேர்வு எழுத வேண்டியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டுப் பிரிட்டன் விலகியபோது, தொழில் தகுதிகளைத் தானாக ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தது. அதற்குமுன் அங்கீகாரம் பெற்றுவிட்டவர்களுக்கு அது நிலைக்கும் என்று பிரிவு ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள். கசப்பான அந்தப் பிரிவிலும் அது ஒரு நல்ல காரியம். இந்தியாவின் கதை வேறு விதம். ஒரு மாநிலத்தில் பதிவு செய்த வழக்கறிஞர் நாடு முழுவதும் வாதாடலாம் என்று 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர் சட்டம் சொன்னது. ஆனால் அந்த 30-ஆவது பிரிவு நடைமுறைக்கு வந்தது 2011 ஜூன் 15-இல்தான். எழுதியதற்கும் நடந்ததற்கும் இடையில் 50 ஆண்டுகள்!

நம் பக்கத்து நாடுகளோடு நமக்கிருக்கும் ஏற்பாட்டையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஆசியான் நாடுகள் பொறியாளர்களுக்கு 2005-இலும் தாதியருக்கு 2006-இலும் டாக்டர்களுக்கும் பல் மருத்துவர்களுக்கும் 2009-இலும் பரஸ்பர அங்கீகார உடன்பாடுகளில் கையெழுத்திட்டன. இதைக் கேள்விப்பட்டு, மலேசியாவில் தாதியானால் ஆசியான் முழுவதும் வேலை என்று விளம்பரம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். நம்பிவிடாதீர்கள். குறைந்தது மூன்று ஆண்டு தொடர்ந்து பணி செய்திருக்க வேண்டும்; போகும் நாட்டின் சட்டத்துக்கும் விதிகளுக்கும் உட்பட வேண்டும்; அங்கே பதிவு செய்ய வேண்டும். தேர்வோ மொழித் தகுதியோ கேட்டால் அதையும் முடிக்க வேண்டும். கதவு எங்கே இருக்கிறது என்று அந்த உடன்பாடு காட்டுகிறது. சாவி இன்னும் அந்தந்த நாட்டின் கையில்தான். பொறியியலில் மலேசியா 2009-இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பானது. இந்தியாவும் இலங்கையும் 2014-இல் சேர்ந்தன. அதுவும் பட்டப் படிப்பின் தரத்தை ஏற்பதுதான். தொழில் உரிமத்தை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு கடன் வாங்கக் கூடாது.

வெளிநாட்டில் படித்துவிட்டு வருபவர்களின் நிலையும் இதுதான். இந்தியாவில் எந்தக் கல்லூரியின் மருத்துவப் பட்டம் இங்கே செல்லும் என்பதை 1971-ஆம் ஆண்டின் மருத்துவச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. அந்த அட்டவணை கல்லில் வெட்டியதல்ல, மாறக்கூடியது. தரத்தில் உயர்ந்தவர்களும் இந்த இடைவெளியில் விழலாம் என்பதற்கு அண்மைய சாட்சி உண்டு. எடின்பரோ அரச அறுவை மருத்துவர் கல்லூரியின் தகுதியோடு இதய அறுவைச் சிகிச்சைப் பயிற்சி முடித்த மலேசிய டாக்டர்கள் சிலரைச் சிறப்பு மருத்துவர்களாகப் பதிவு செய்ய மருத்துவ மன்றம் மறுத்தது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. கடைசியில் 2024-இல் நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இதய அறுவை மருத்துவர்கள் போதாத நாட்டில், பயிற்சி பெற்றவர்கள் காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுக்காக நோயாளிகளும் காத்திருந்தார்கள்.

இத்தனையும் சொன்னபின் என் கருத்தை நேராகவே சொல்கிறேன். எல்லா வேலிகளையும் பிடுங்கி எறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. சபாவும் சரவாக்கும் தங்கள் பிள்ளைகளுக்கு முதலிடம் கேட்பது அவர்கள் உரிமை. தரமில்லாத உரிமத்தை ஏற்க மாட்டோம் என்று ஒரு மாநிலம் சொல்வது நோயாளியைக் காப்பாற்றும் பொறுப்பு. நான் கேட்பது வேறு. எந்த அரசும் ஓர் அங்கீகார ஒப்பந்தத்தில் சேரும் நாளிலேயே, விலகும் நாளுக்கான விதியையும் எழுதிவைக்க வேண்டும். முன்னறிவிப்புக் காலம் வேண்டும். ஏற்கெனவே எல்லை தாண்டி வந்து, வீடு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, உழைத்துக்கொண்டிருப்பவரின் உரிமையைப் பின்னோக்கிப் பறிக்கக் கூடாது. படித்துக்கொண்டிருக்கும் மாணவர், சேர்ந்த அன்று இருந்த விதிப்படியே முடிக்க அனுமதிக்கப்பட வேண்டும். பறிக்க வேண்டிய காரணம் உண்மையிலேயே இருந்தால், அதைக் கேட்டு ஆராய ஒரு நீதிமன்றமோ நடுவர் குழுவோ இருக்க வேண்டும். தவறு செய்தவர் ஒரு மாநிலத்தில் தண்டனை வாங்கிவிட்டு அடுத்த மாநிலத்தில் புதுப் பலகை மாட்டிக்கொள்ளாதபடி, தகவல் பரிமாற்றம் எந்தப் பிரிவுக்குப் பின்னும் தொடர வேண்டும்.

இதில் நமக்கென்ன என்று கேட்காதீர்கள். ஒரு தலைமுறைக்கு முன்புவரை நம் கையில் இருந்தது பால் வெட்டும் கத்தி. அதற்கு உரிமம் தேவைப்படவில்லை. இன்று அதே லயங்களிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் டாக்டராகவும் மிசியாகவும் நடமாடுகிறார்கள்; நீதிமன்றத்தில் வாதாடுகிறார்கள்; பாலமும் சாலையும் வடிவமைக்கிறார்கள். அதாவது, வாழ்க்கை ஒரு பதிவேட்டில் இருக்கும் பெயரைச் சார்ந்து நிற்கும் சமூகமாக மாறியிருக்கிறோம். அந்தப் பதிவேட்டின் விதிகள் எழுதப்படும்போது நம் குரலும் அங்கே கேட்க வேண்டும். வழக்கறிஞர் மன்றத்திலும் மருத்துவச் சங்கத்திலும் தாதியர் சங்கத்திலும் உறுப்பினராக இருக்கும் நம்மவர்கள் சந்தா கட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. கூட்டத்துக்குப் போங்கள்; விதி மாற்றம் பேசப்படும்போது எழுந்து கேளுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி முகவர் வீட்டுக்கு வந்து படம் காட்டும்போது மூன்று கேள்விகளை மறக்காமல் கேளுங்கள். இந்தப் படிப்பை மலேசியாவில் எந்த வாரியம் ஏற்றிருக்கிறது, எந்த ஆண்டுச் சேர்க்கை வரைக்கும்? பிள்ளை படித்துக்கொண்டிருக்கும்போது அங்கீகாரம் மாறினால் யார் பொறுப்பு? வெளிநாட்டிலோ சபா, சரவாக்கிலோ வேலை பார்க்க இன்னும் என்ன பதிவு, என்ன தேர்வு, என்ன அனுமதி தேவை? முகவரின் வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம். வாரியத்துக்கே எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆங்கிலத்திலோ மலாயிலோ கடிதம் எழுதத் தயக்கமாக இருந்தால், உங்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியரையோ கோயில் நிர்வாகத்தில் இருக்கும் படித்த இளைஞரையோ உதவி கேளுங்கள், தயங்காமல் செய்வார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது எல்லை தாண்டி உரிமம் மாற்றியிருந்தால், சிங்கப்பூரில் தாதியாகப் பதிவு செய்திருந்தால், சபாவிலோ சரவாக்கிலோ ஆசிரியராகப் பணியாற்றித் திரும்பியிருந்தால், அந்த அனுபவத்தை எங்களுக்கு எழுதுங்கள். எந்தப் படிவம், எத்தனை மாதக் காத்திருப்பு, எங்கே சிக்கல், யார் உதவினார்கள் என்று விவரமாக எழுதுங்கள். அடுத்து அந்த வழியில் போகும் பிள்ளைக்கு உங்கள் கடிதமே வழிகாட்டி. வரும் கடிதங்களைத் தொகுத்து வெளியிடுவோம்.

அரசுகள் சேரும், விலகும், மறுபடியும் சேரும். அது அவர்கள் உரிமை. விலகும் நாளில் நம் பிள்ளை நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்று கேட்பது நம் உரிமை. கையெழுத்து விழுவதற்கு முன்பே அதைக் கேட்போம்.

அன்புடன்,
ஆசிரியர்